நாலு பேர் பழக்கம்: கல்லூரிப் படிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒன்று

யாரும் ஒரே நாளில் படிப்பை விடுவதில்லை. பெரும்பாலும் அது ஒரு காய்ச்சலில் தொடங்குகிறது.

முதலாமாண்டு பி.காம். மாணவி ஒருத்தியை வைத்துக்கொள்வோம். ஊர் கடலூர் மாவட்டம், குறிஞ்சிப்பாடிப் பக்கம். ஆகஸ்டில் நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் கல்லூரிக்கு வருகிறாள். போர்டில் ஓடுவது எந்தக் கணக்கு என்றே பிடிபடவில்லை. பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் நோட்டு கேட்கலாம்தான், ஆனால் சேர்ந்து ஐந்து வாரம் ஆகியும் அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. தான் இல்லாத நாளில் முதல் இன்டர்னல் முடிந்துவிட்டது என்பது இன்னும் ஒரு வாரம் கழித்துத் தெரியவருகிறது. மேடத்திடம் போய்ச் சொன்னால் இன்னொரு முறை எழுதவிடுவார். 'நீ யாரு, எந்த செக்‌ஷன்?' என்று அவர் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சத்தில் அவள் போவதில்லை. அடுத்த வாரம் அந்த பீரியட் இருக்கும் நாளாகப் பார்த்து லீவு போடுகிறாள்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 சதவீதம் வேண்டும் என்றால் 68 நாள் வந்திருக்க வேண்டும், ஆக 22 நாள்தான் விட்டுப்போகலாம். காய்ச்சல், ஊர்த் திருவிழா, சித்தி மகள் கல்யாணம், மழையில் பஸ் வராத நாட்கள் எல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நாளைத் தின்றுவிடும். மிச்சமிருக்கும் பத்து நாளைக் கூச்சம் தின்கிறது. அதற்குப் பிறகு வருகைக் குறைவை மன்னிக்கக் கண்டோனேஷன் ஃபீஸ் கட்டச் சொல்வார்கள். அந்தப் பணத்தை வீட்டில் கேட்கத் தைரியம் வராது. ஹால் டிக்கெட் வாங்கும் வாரத்தில் 'எனக்குப் படிப்பு வரல' என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவாள். வீட்டிலும் நம்பிவிடுவார்கள்.

இந்த வரிசையில் மூளை எங்கே தோற்றது என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. நோட்டு தர ஒருத்தி, தேர்வு தேதி சொல்ல ஒருத்தி, பெயர் தெரிந்த ஓர் ஆசிரியர், கண்டோனேஷன் பற்றி முன்பே எச்சரிக்க ஒரு சீனியர் அக்கா. இந்த நாலு பேரில் ஒருவர் இருந்திருந்தால்கூட வரிசை நடுவில் அறுந்திருக்கும். கல்லூரி மாணவர் தேறுவதில் ஆள் பழக்கத்தின் பங்கு என்று ஆய்வாளர்கள் பேசுவது இதைத்தான். நட்பு, பாசம் என்று அதைப் பெரிய வார்த்தையில் பேச ஆரம்பித்தால் விஷயம் மங்கிவிடும். சரியான தகவல் சரியான நேரத்தில் வந்து சேரும் வழி அது. 'நாமும் இங்கே படிக்க வந்தவர்தான்' என்று தோன்றவைக்கும் வழியும் அதுவே.

ஆய்வு சொல்வது

இந்தத் துறையில் அடிக்கடி அடிபடும் பெயர் வின்சென்ட் டின்டோ. அமெரிக்கர். மாணவர்கள் ஏன் பாதியில் போகிறார்கள் என்று 1975-ல் ஒரு விளக்கம் எழுதினார். எமில் துர்கைம் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் தற்கொலை பற்றிச் செய்த ஆய்வில், சமூகத்தோடு ஒட்டாமல் போவதை ஒரு காரணமாகக் காட்டியிருந்தார். அந்தக் கருத்தை டின்டோ கல்லூரிக்குப் பொருத்திப் பார்த்தார். மாணவரைக் கல்லூரியில் பிடித்து வைத்திருப்பவை இரண்டு கயிறுகள்: படிப்போடு ஒட்டுதல் ஒன்று, அங்கிருக்கும் ஆட்களோடு ஒட்டுதல் இன்னொன்று. ஒன்று தளர்ந்தால் மற்றது கொஞ்ச நாள் தாங்கும். இரண்டும் தளர்ந்தால் ஆள் போய்விடுவார்.

இதை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவரை மனதில் வைத்து வரைந்த படம் அது. பழைய ஊர், உறவு எல்லாவற்றையும் கொஞ்சம் விட்டு விலகினால்தான் புதிய இடத்தில் ஒட்ட முடியும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. வீட்டுப் பண்பாட்டை விட்டு வரச் சொல்வது சிறுபான்மை மாணவர்களுக்குக் கேடு என்று 1992-ல் வில்லியம் டியர்னி என்ற கல்வி ஆய்வாளர் எதிர்த்து எழுதினார். அவர் சொன்னது நமக்கும் பொருந்தும். கடலூரிலும் புதுச்சேரியிலும் அரசுக் கல்லூரி மாணவர்களில் பெரும் பங்கினர் பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பாகூர், வில்லியனூர், திருக்கனூர் என்று வீட்டிலிருந்தே வந்துபோகிறவர்கள். காலையில் பஸ், மாலையில் பஸ், இரவுச் சாப்பாடு வீட்டில். வீட்டை விட்டு விலகு என்று இவர்களிடம் சொல்வதற்கு அர்த்தமே இல்லை.

பிறகு 1997-ல் டின்டோவே ஒரு முக்கியமான இடத்துக்கு வந்து சேர்ந்தார். வந்துபோகிற மாணவருக்குக் கல்லூரியில் இருக்கும் ஒரே இடம் வகுப்பறை, பழக்கம் உண்டாக வேண்டுமென்றால் அங்கேதான் உண்டாக வேண்டும் என்றார். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாகத் தினமும் 25 கிலோமீட்டர் பஸ்ஸில் வரும் பிள்ளைக்கு மாலை ஐந்து மணிக் கல்ச்சுரல் கிளப் எதற்கும் பயன்படாது. காலை பத்தரை மணி பீரியடுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு.

பெஞ்சில் இருக்கும் ஒருவர்

1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரெய்ஸ்மன் என்ற கணித ஆசிரியர் ஒரு விஷயத்தைத் துருவிப் பார்த்தார். கால்குலஸ் பாடத்தில் சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள், கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றார்கள். ஆர்வம் குறைவு, பள்ளிப் படிப்பு மோசம், வீட்டு ஆதரவு இல்லை, வறுமை என்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர் மாணவர்களோடேயே சுற்றிப் பார்த்ததில் எந்தக் காரணமும் நிற்கவில்லை. முதல் பிரிவினர் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் படித்தார்கள். அதில் 8 முதல் 10 மணி நேரம் தனியாக, பிறகு கூட்டாக உட்கார்ந்து விடையைச் சரிபார்த்து, ஒருவர் தப்பை இன்னொருவர் பிடித்து. இரண்டாம் பிரிவினர் 6 முதல் 8 மணி நேரம் படித்தார்கள், முழுக்கத் தனியாக. தங்கள் தப்பு எல்லோருக்கும் வரும் தப்பு என்பதுகூட அவர்களுக்குத் தெரிய வழியில்லை. ட்ரெய்ஸ்மன் இதை வைத்துக் கடினமான கணக்குகளைக் கூட்டாகப் போடும் வகுப்புகளை அமைத்தார், நிலைமை மாறியது. ஸ்பெஷல் கோச்சிங் மாதிரி எளிய பாடத்தை அவர் கொடுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 'வீக் ஸ்டூடன்ட்ஸ்' என்று பெயர் எழுதிப் போர்டில் ஒட்டும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அது இதற்கு நேர் எதிர்.

கூட்டாகப் படிப்பதை அருகில் போய்ப் பார்க்கலாம். பி.காம். முதல் செமஸ்டர், பி.ஆர்.எஸ். கணக்கு, அதாவது நம் ரொக்க ஏட்டையும் வங்கியின் பாஸ் புத்தகத்தையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. ரொக்க ஏட்டின்படி வங்கியில் இருப்பு 12,000 ரூபாய். கொடுத்த காசோலைகளில் 3,000 ரூபாய்க்கானது இன்னும் வங்கிக்குப் போகவில்லை. போட்ட காசோலையில் 2,000 இன்னும் வரவாகவில்லை. வங்கி பிடித்த கட்டணம் 100 நம் ஏட்டில் ஏறவில்லை. பாஸ் புத்தகத்தில் இருப்பு எவ்வளவு?

மூன்று பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் தனியாகப் போட்டார்கள். இரண்டு பேருக்கு 12,900. ஒருத்திக்கு 6,900. தனியாக இருந்தால் அவள் புத்தகத்தின் பின்பக்க விடையைப் பார்த்து, '3,000-ஐக் கூட்டணும் போல' என்று மனப்பாடம் செய்துகொண்டு நகர்ந்திருப்பாள். இங்கே, 'நீ ஏன் கழிச்ச?' என்று கேட்கிறார்கள். 'குடுத்த செக் தானே, பணம் போயிடுச்சில்ல?' என்கிறாள். அடுத்தவள், 'செக்கு எழுதுன அன்னைக்கே நம்ம ஏட்டுல கழிச்சாச்சு. பேங்குக்கு அது இன்னும் தெரியாது. அதனால பேங்க் புக்குல நம்மளவிட 3,000 ஜாஸ்தி இருக்கும்' என்கிறாள். முடிந்தது. சொன்னவளுக்கும் இப்போதுதான் அது உறுதியாகிறது. சரியான விடை போட்ட மூன்றாவது ஆள், தான் சூத்திரமாகத்தான் போட்டேன், காரணம் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறாள்.

இதற்குள் இன்னொரு சமாச்சாரமும் இருக்கிறது. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவளுக்கு இந்தப் பாடம் புதிதே இல்லை. 'வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்' என்ற பெயரில் அவள் முன்பே படித்ததுதான். மேடம் வகுப்பில் பி.ஆர்.எஸ். என்றதும் ஏதோ அந்நிய வஸ்து என்று நினைத்துவிட்டாள். ஜர்னல் என்பது குறிப்பேடு, லெட்ஜர் என்பது பேரேடு, ட்ரயல் பேலன்ஸ் என்பது இருப்பாய்வு, டெப்ரிஸியேஷன் என்பது தேய்மானம். பெஞ்சில் ஒருத்தி இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகும். சொல்ல ஆளில்லாவிட்டால் ஒரு செமஸ்டர் போய்விடும். முதல் மாதமே ஒவ்வொரு பாடத்துக்கும் இப்படி முப்பது நாற்பது சொற்களை இரண்டு பத்தியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஆங்கில வழியில் வந்தவரும் தமிழ் வழியில் வந்தவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை.

குழு மூன்று பேர், அதிகம் போனால் நாலு. ஐந்தாவது ஆள் வந்ததும் ஒருவர் வேடிக்கை பார்க்க ஆரம்பிப்பார். வாரம் இரண்டு முறை, நாளும் நேரமும் மாறாமல். 'ஃப்ரீயா இருக்கும்போது உக்காரலாம்' என்று தொடங்கிய குழு மூன்றாம் வாரம் இருக்காது. மாலையில் தங்க முடியாதவர்களுக்கு மதிய இடைவேளையே நேரம்: பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டு, 25 நிமிடம் உட்காரலாம். முதல் நிபந்தனை, ஒவ்வொருவரும் முன்பே தனியாக முயன்று பார்த்திருக்க வேண்டும். இது இல்லையென்றால் ஒருத்தி போட, மற்றவர்கள் காப்பியடிக்கிற கூட்டமாகிவிடும். அதில் கெடுவது காப்பியடிப்பவர்கள் மட்டுமில்லை. போட்டுக் கொடுப்பவள் இரண்டாம் மாதமே சலித்துப்போய் ஒதுங்கிவிடுவாள், அவளோடு குழுவும் போகும்.

இடம் ஒரு தொல்லைதான். புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகமோ கடலூர் மாவட்ட மைய நூலகமோ தனியாகப் படிக்க அருமையான இடங்கள். வாய்விட்டு விவாதிக்க முடியாது, அங்கே குழு வைத்தால் இரண்டாம் நாளே அதட்டல் வரும். தனிப் படிப்பை நூலகத்தில் முடித்துவிட்டு, பேச வேண்டியதைப் பக்கத்தில் பாரதி பூங்கா பெஞ்சிலோ கல்லூரி மரத்தடியிலோ வைத்துக்கொள்ளலாம். கடலூர் தேவனாம்பட்டினத்து சில்வர் பீச் வேண்டாம். அங்கே போனால் படிப்பு நடக்காது என்பது அந்தப் பக்கம் படித்த எல்லோருக்கும் தெரியும்.

நெருங்கிய நண்பர்களே படிப்புக் குழுவாகவும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பல நேரம் இல்லாமல் இருப்பதே மேல். நண்பனிடம் 'நீ தயார் பண்ணாம வந்திருக்க' என்று சொல்ல வாய் வராது.

மழைக்காலத்துக்கு இரண்டு நம்பர்

நம் கடற்கரைக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் இது. ஒற்றைப்படை செமஸ்டரின் கடைசி வாரங்கள், அதாவது மாடல் எக்ஸாம், ரெக்கார்டு சப்மிஷன், பிராக்டிகல் எல்லாம் வருகிற நேரம், வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தில் விழுகிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. இப்படி ஒரு வாரம் கரன்ட் இல்லாமல், நோட்டெல்லாம் நனைந்து கிடக்கும்போது, 62 பேர் இருக்கும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் தகவல் பாதி வதந்தி. தேர்வு தள்ளிப்போனதா, எந்தத் தேதிக்கு, ரெக்கார்டை மறுபடி எழுத வேண்டுமா என்று நேரடியாக போனில் கூப்பிட்டுக் கேட்க வேறு வேறு ஊர்களில் இருக்கும் இரண்டு பேரின் நம்பர் வேண்டும். ஒரே ஊராக இருந்தால் இரண்டு போனும் ஒன்றாகத்தான் அணையும். நம்பரை போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதி வைக்கலாம்.

பெயர் தெரிந்த ஓர் ஆசிரியர்

எல்லா ஆசிரியருக்கும் நம்மைத் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் போதும். அமெரிக்காவில் 2014-ல் கேலப் நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் 30,000 பட்டதாரிகளுக்கு மேல் கேட்டுப் பார்த்தன. தன்மேல் அக்கறை காட்டிய ஆசிரியர், பாடத்தில் ஆர்வத்தைத் தூண்டிய ஓர் ஆசிரியர், கனவுகளைத் துரத்த ஊக்கம் கொடுத்த வழிகாட்டி, மூன்றும் கிடைத்தது என்று உறுதியாகச் சொன்னவர்கள் 14 சதவீதம்தான். அவர்கள் பின்னாளில் வேலையில் ஈடுபாட்டோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஒன்று வந்ததால் இன்னொன்று வந்தது என்று இதை வைத்து அறுதியிட முடியாது. இயல்பிலேயே கலகலப்பானவர்களுக்கு இரண்டும் கிடைத்திருக்கலாம். ஆனாலும் அந்த 14 என்ற எண்ணைக் கல்லூரி நடத்துபவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

முதல் முறை போய்ப் பேசுவதுதான் கஷ்டம். அதற்கு ஒரு முறை உண்டு. வகுப்பு முடிந்து ஆசிரியர் வெளியே நடக்கும்போது வழிமறிக்க வேண்டாம், அவருக்கு அடுத்த பீரியட் இருக்கும். 'சார், எப்ப வந்தா டவுட் கேக்கலாம்?' என்று மட்டும் கேளுங்கள். சொன்ன நேரத்துக்கு நோட்டோடு டிபார்ட்மென்டுக்குப் போங்கள். பெயர், செக்‌ஷன், ரோல் நம்பர், பிறகு சந்தேகம். 'ஒண்ணுமே புரியல சார்' என்பது சந்தேகமில்லை. அதைக் கேட்டால் எந்த ஆசிரியருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது, 'நல்லா படிம்மா' என்று அனுப்பிவிடுவார். 'இந்த மூணாவது ஸ்டெப் வரைக்கும் புரியுது சார், இங்க ஏன் கூட்டுறோம்னு தெரியல' என்று விரலை வைத்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும், உங்கள் முகமும் நினைவில் நிற்கும். இரண்டு வாரத்துக்குள் இன்னொரு சந்தேகத்தோடு போங்கள். மூன்றாவது முறை அவரே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

சிலர் எரிந்து விழுவார்கள். அது உண்மை. அப்போது அடுத்த பாட ஆசிரியரிடம் போக வேண்டியதுதான். இங்கே ஒரே ஆளை நம்பித் தொங்க அவசியமில்லை. மாணவிகள் விஷயத்தில் ஓர் எல்லை தெளிவாக இருக்கட்டும்: சந்திப்பு டிபார்ட்மென்டில், மற்றவர்கள் இருக்கும்போது. ராத்திரி போன் பண்ணச் சொல்கிற, தனியாக வெளியே வரச் சொல்கிற, இன்டர்னல் மார்க்கைக் காட்டிப் பேசுகிற ஆசிரியரிடம் இருப்பது அக்கறை இல்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் சட்டப்படி உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் உறுப்பினர் பெயர்கள் நோட்டீஸ் போர்டில் இருக்கும். அவற்றை முதல் வாரமே குறித்துக்கொள்வது தவறில்லை.

எப்போதாவது பார்க்கிறவர்கள்

வகுப்புத் தோழிக்குத் தெரிந்ததெல்லாம் கிட்டத்தட்ட நமக்கும் தெரிந்ததுதான். புதிய தகவல் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஆளிடமிருந்து வரும். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் காட்டியது இதுதான். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் 'அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?' என்று கேட்டபோது, ஆறில் ஐந்து பேர் எப்போதாவது, அல்லது அபூர்வமாக என்றார்கள். கல்லூரியில் அந்த ஆள் பெரும்பாலும் பஸ்ஸில் வரும் சீனியர் அண்ணனோ அக்காவோதான். போன வருஷக் கேள்வித்தாள், எந்த எலெக்டிவ் எடுத்தால் என்ன ஆகும், ரீவேல்யுவேஷனுக்குப் போடலாமா, 'நான் முதல்வன்' பயிற்சியை எப்போது முடிக்க வேண்டும், சிப்காட் கம்பெனியில் இன்டர்ன்ஷிப்புக்கு யாரைப் பார்ப்பது, எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

எல்லைப் பக்கத்து ஊர்களில் இது இன்னும் முக்கியம். பாதி வகுப்புக்குத் தமிழ்நாடு அரசு, பாதிக்குப் புதுச்சேரி அரசு. புதுச்சேரியின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக் மூலம் சேர்ந்தவருக்கான உதவித்தொகை வழி வேறு, அரசுப் பள்ளியில் படித்த தமிழ்நாட்டு மாணவிக்கான புதுமைப் பெண் திட்டத்து மாதம் 1,000 ரூபாய் வேறு, மாணவனுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் வேறு. தோழிக்குப் பொருந்துவது நமக்குப் பொருந்தாமல் போகலாம். நம் பக்கத்திலிருந்தே வரும் ஒரு சீனியரைக் கேட்பதே சரி. கூடவே ஆபீஸ் கிளார்க்கையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். போனஃபைடு சான்றிதழ் வேண்டிய அன்று காலையில் போய் நிற்காமல், நாலு நாள் முன்னால் விண்ணப்பத்தைக் கொடுத்து, 'எப்ப வரணும் சார்?' என்று கேட்டுப் போகிறவருக்கு வேலை நடக்கும். லாரன்ஸ் ரோடு கடையிலோ நேரு வீதி துணிக்கடையிலோ பகுதி நேரமாக நிற்பவர்கள் இன்டர்னல் தேதிகளை மாதத் தொடக்கத்திலேயே முதலாளியிடம் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த நாளில் சண்டை வராது.

ஒரே ஊர், ஒரே பள்ளி, ஒரே சாதி என்று கும்பலாக உட்காரும் பழக்கம் நம் வகுப்பறைகளில் இருக்கிறது, மறைத்துப் பயனில்லை. தெம்பாக இருக்கும், ஆனால் அந்தக் கும்பலுக்குள் புதிய தகவல் எதுவும் வராது. உள்ளே இருக்கும் எட்டுப் பேரும் ஒரே நாளில் லீவு போடுவார்கள், எட்டுப் பேருக்கும் ஒரே பேப்பரில் அரியர் விழும். வாரத்தில் ஒரு நாளாவது பெஞ்சு மாறி உட்காருவது நல்ல வழி. சீனியரிடம் பழகுவதற்கும் ராகிங்குக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. உதவி செய்யும் சீனியர் நீங்கள் போக நினைத்தால் போகவிடுவார். பணம் கேட்பது, வேலை வாங்குவது, யாரிடமும் சொல்லாதே என்பது, இவையெல்லாம் ராகிங். ராகிங் புகாருக்கான இலவச எண் 1800-180-5522.

கல்லூரி செய்ய வேண்டியது

ஓர் ஆசிரியர் பொறுப்பில் சில மாணவர்களை விடும் மென்டார் முறை என்று ஒன்று ஏறக்குறைய எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. கல்லூரிகளைத் தரம் பார்க்கும் நாக் அமைப்பின் குழு வரும்போது ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று விகிதம் காட்ட வேண்டியிருந்தது. பொறியியல் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. வகுத்த மூன்று வார அறிமுக நிகழ்ச்சியில் 20 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று கணக்கு. யு.ஜி.சி.யும் 2019-ல் இத்தகைய அறிமுக நிகழ்ச்சிக்கு தீக்ஷாரம்ப் என்ற பெயரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. நடைமுறையில் பல இடங்களில் மென்டார் முறை ஒரு கையெழுத்து நோட்டாகச் சுருங்கிவிட்டது. செமஸ்டர் முடிவில் வரிசையாக நின்று கையெழுத்துப் போட்டுப் போகிறார்கள்.

இது ஏன் இப்படி ஆகிறது என்றால், நேரத்தை யாரும் ஒதுக்குவதில்லை. 20 பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 100 நிமிடம். மாதத்துக்கு இரண்டு பீரியட். அதைக் கால அட்டவணையிலேயே போட வேண்டும். 'ஃப்ரீ டைம்ல பாத்துக்குங்க' என்றால் நடக்காது, ஆசிரியருக்கு ஃப்ரீ டைம் கிடையாது. இரண்டாவது கோளாறு கேள்வியில். 'ஏதாவது பிரச்சனை இருக்கா?' என்று கேட்டால் 'இல்ல சார்' என்பதுதான் பதில். பதில் வரும் கேள்விகள் வேறு. 'இந்த வாரம் எந்த பீரியட் சுத்தமா புரியல?' 'வீட்டுக்குப் போய்ச் சேர எத்தனை மணி ஆகுது?' 'மத்தியானம் யாரோட சாப்பிடுற?' இந்தக் கடைசிக் கேள்விக்கு 'தனியாதான் மேம்' என்று ஆறாவது வாரத்திலும் ஒரு பிள்ளை சொன்னால், இன்டர்னல் மார்க் வரும்வரை காத்திருக்காமல் அன்றே ஒரு லேப் பார்ட்னரை மாற்றிப் போட வேண்டும்.

செலவில்லாத இன்னொரு வேலையும் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் முதலாமாண்டு மாணவர்களுக்கு ஒரே ஒரு மணி நேரம், சீனியர்கள் சொன்னவற்றைப் படிக்கக் கொடுத்தார்கள். 'ஆரம்பத்தில் எனக்கும் இங்கே ஒட்டாது என்றுதான் தோன்றியது, போகப் போகச் சரியாயிற்று' என்பதே சாரம். பிறகு அதைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்து எழுதச் சொன்னார்கள். 2011-ல் வெளியான முடிவின்படி, மூன்று ஆண்டுக் காலத்தில் கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இருந்த மதிப்பெண் இடைவெளி பாதியாகக் குறைந்தது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் நிறைந்த நம் வகுப்பில், மூன்றாமாண்டு மாணவர் மூவரை முதல் மாதமே ஒரு பீரியட் பேசவிடலாம். கோல்டு மெடல் வாங்கியவரைக் கூப்பிடாதீர்கள். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் வைத்து, பிறகு எடுத்தவரைக் கூப்பிடுங்கள். எந்தப் பேப்பர், யாரிடம் போய்க் கேட்டார், எத்தனை மாதத்தில் எடுத்தார் என்று அவர் சொன்னால்தான் வேலை செய்யும்.

தாமதமாகிவிட்டால்

மூன்றாம் செமஸ்டர் வந்துவிட்டது, நாலு அரியர், வகுப்பில் யாரோடும் பேச்சில்லை என்ற நிலையிலும் தொடங்கலாம். முதலில் அதே பேப்பரில் அரியர் வைத்திருக்கும் இன்னொருவரைக் கண்டுபிடியுங்கள். இருப்பார், வெட்கத்தில் சொல்லாமல் இருப்பார். நாலையும் ஒன்றாகத் தூக்காமல் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர்னல் மார்க் அதிகமாக இருக்கும் பேப்பர் முதலில், ஏனென்றால் எழுத்துத் தேர்வில் தேவைப்படும் மார்க் அதில் குறைவு. ஆனால் எழுத்துத் தேர்வுக்கென்று தனியாகக் குறைந்தபட்ச மார்க் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாடம் நடத்திய ஆசிரியருக்கு உங்கள் பழைய விடைத்தாள் நினைவில்லாவிட்டாலும் பரவாயில்லை, ஐந்து யூனிட்டில் முதலில் படிக்க வேண்டிய மூன்று எவை என்று அவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றால் அது பேப்பர் விஷயமில்லை. அரசின் மனநல உதவி சேவையான டெலி-மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை வந்ததும் 'எத்தனை மார்க்?' என்பதற்குப் பதில் 'இன்னைக்கு யாரு பக்கத்துல உக்காந்தா?' என்று கேட்டுப் பாருங்கள். வாரக்கணக்கில் ஒரே பெயர்கூட வரவில்லையென்றால், அடுத்த நாள் கிளாஸ் இன்சார்ஜைப் போய்ப் பார்க்க அதுவே போதுமான காரணம்.

அரியர் ஃபீஸ் கட்டக் கடைசி தேதி ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒரு வாரம்தான் தொங்கும். அதை உங்களுக்கு போன் பண்ணிச் சொல்ல ஓர் ஆளை இன்றைக்கே பிடித்து வையுங்கள், அவருக்கு நீங்கள் சொல்லுங்கள்.